சால்ஸ்பர்க் கோட்டையில் மாமா கேட்ட இரண்டு கேள்விகள்

"அவ்ளோ உயரத்துல கோட்டையைக் கட்டினானே, தண்ணிக்கு என்னடா பண்ணான்?"

என் போனில் கோட்டையின் படத்தைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். அழகாக இருக்கிறது என்றோ, யார் கட்டியது என்றோ கேட்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருடம் வாய்க்காலையும் மதகையும் கட்டிக்கொண்டு மாரடித்தவர். ம்யூனிக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளில் இசார் ஆற்றங்கரையை மூன்று முறை நடந்து பார்த்துவிட்டார். அரண்மனைக்கு ஒருமுறை கூட்டிப்போனதற்கு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எத்தனை கட்டில் பாக்கறது" என்றார். அப்படிப்பட்டவரை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்துத்தான் சால்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே நாளில் போய்வரலாம், கயிறு கட்டி இழுக்கும் ரயில் இருக்கிறது, முழங்கால் வலி பெரிதாகப் படுத்தாது.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பவேரியா மாநிலம் முழுவதும் உள்ளூர் ரயில்களில் செல்லும் ஒருநாள் டிக்கெட், எல்லைக்கு அந்தப்பக்கம் ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான். சனி, ஞாயிறுகளில் விடிவதற்கு முன்பே கிளம்பலாம். இது தெரியாமல் அதிவேக ரயிலுக்குக் காசு கொட்டியவர்களை எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் கொட்டினேன்.

இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். ரோசன்ஹைம் தாண்டியதும் வலப்பக்கம் ஆல்ப்ஸ் நெருங்கி வர ஆரம்பிக்கும். பிரீன் பக்கம் இடது ஜன்னலில் கீம்சே ஏரி எட்டிப்பார்க்கும். மாமா பையிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்தார். எதிர் சீட்டுப் பாட்டி வாசனை பிடித்துச் சிரித்தார். ஃப்ரைலாஸிங் ஸ்டேஷனை விட்டு நகர்ந்தால் சாலாக் என்று ஒரு சின்ன ஆறு. அதன் மேல் பாலம் கடந்தால் வேறு நாடு. "எல்லை எங்கடா?" என்று மாமா கேட்டபோது அது பின்னால் போயிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு பஸ் உண்டு. நடந்தால் கால் மணி நேரத்தில் மிராபெல் தோட்டம். அங்கே பூப்பாத்திகளுக்கு நடுவே நின்று தெற்கே பார்த்தால் முதலில் தோட்டம், அப்புறம் கூரைகள், அப்புறம் பேராலயத்தின் கோபுரங்கள், அதற்கெல்லாம் மேலே மலைக்கு மகுடம் வைத்த மாதிரி ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை. எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. படிக்கட்டில் ஒரு கூட்டம் 1965-இல் வந்த ஹாலிவுட் படத்தின் பாட்டைப் பாடிக்கொண்டு துள்ளிக் குதித்தது. அந்தப் படத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்தத் தோட்டத்தில் பிடித்தது வேறு கதை. நானூறு வருடம் முன்பு சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இல்லை. இந்த ஊரையும் சுற்றியுள்ள நாட்டையும் ஆண்டவர்கள் பேராயர்கள். தலையில் மதகுருவின் தொப்பி, கையில் ராஜாவின் செங்கோல் இரண்டும் ஒருவருக்கே. 1803 வரை இப்படித்தான். 1816-இல்தான் நிரந்தரமாக ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. அந்தப் பேராயர்களில் ஒருவர் வுல்ஃப் டீட்ரிஷ். 1587-இல் பதவிக்கு வரும்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. திருமணம் செய்யக்கூடாத பதவி. ஆனால் சலோமே ஆல்ட் என்ற ஊர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தி 15 பிள்ளைகள் பெற்றார். அவளுக்காக 1606-இல் ஊருக்கு வெளியே ஆற்றின் இந்தக் கரையில் ஒரு மாளிகை கட்டினார். பெயர் ஆல்ட்டெனாவ். அதுதான் பிற்பாடு மிராபெல் ஆனது. இப்போது நிற்கும் கட்டடம் பலமுறை இடித்து மாற்றியது.

"பேராயர்னா சாமியார் மாதிரிதானே?"

"ஆமா மாமா."

"பதினஞ்சா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இந்த மனிதரின் கதை அங்கே மேலே போய்த்தான் முடிகிறது என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை.

சால்சாக் ஆற்றின் மேல் நடைபாலம். கம்பி வலையெங்கும் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். மாமா பூட்டுகளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். பால் கலந்த பச்சை நிறம். இந்த ஆற்றில்தான் ஹாலைன் சுரங்கத்து உப்பு படகில் இறங்கிப்போனது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. சால்ஸ் என்றால் உப்பு, பர்க் என்றால் கோட்டை. தெற்கே மலைக்குள் உப்புப் பாறை. அதற்குள் தண்ணீரை விட்டுக் கரைத்து, அந்த உப்புநீரை வெளியே கொண்டுவந்து காய்ச்சி எடுப்பார்கள். இங்கே நாம் பார்க்கும் ஒவ்வொரு பளிங்குத் தூணுக்கும் அடியில் அந்தக் காசு இருக்கிறது.

கெட்ரைடெகாஸே கடைத்தெருவை வேகமாகக் கடந்தோம். குறுகலான தெரு, தலைக்கு மேல் இரும்பில் செய்த கடைச் சின்னங்கள், கீழே தேர்த்திருவிழாக் கூட்டம். ஒன்பதாம் எண் வீட்டில் 1756 ஜனவரி 27 அன்று மோட்சார்ட் பிறந்தார். வாசலில் வரிசை நீளமாக இருந்ததால் உள்ளே போகவில்லை. வருத்தமில்லை. இந்த ஊர் மோட்சார்ட்டை விற்கிற விற்பனையைப் பார்த்தால், உயிரோடு இருந்தபோது அவரை எப்படி நடத்தியது என்பது மறந்துபோகும். கொலொரேடோ என்ற பேராயரின் அவையில் அவர் சம்பளக்காரர். 1781-இல் வேலையை விட்டு விலகியபோது, பேராயரின் அதிகாரியான ஆர்க்கோ பிரபு அவரைப் பின்புறத்தில் உதைத்து வெளியே தள்ளினார். மோட்சார்ட்டே அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவர் முகம் இல்லாத சாக்லேட் டப்பா இந்த ஊரில் கிடையாது.

சாக்லேட் என்றதும் ஒரு தகவல். மோட்சார்ட் உருண்டையை 1890-இல் கண்டுபிடித்தவர் பவுல் ஃபூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர். பிஸ்தா கலந்த பாதாம் விழுதை உருண்டை பிடித்து, அதற்கு மேல் நூகா என்ற கொட்டை விழுது, அதற்கு மேல் கருஞ்சாக்லேட். அவர் வம்சத்தார் இன்னும் கையால் செய்கிறார்கள். வெள்ளித்தாளில் நீல எழுத்து இருக்கும். ஏர்போர்ட்டில் கிடைக்கும் சிவப்பு, தங்க நிறத் தாள்கள் மற்ற கம்பெனிகளுடையவை. மாமாவுக்குச் சர்க்கரை. ஒன்றை வாங்கிப் பாதியாகக் கடித்தோம். "மைசூர்பாகு அளவுக்கு இல்ல" என்று தீர்ப்பு வந்தது. ஆனால் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று ஆகும்போது சதுக்கத்தில் இருந்தோம். மணிக்கூண்டிலிருந்து 35 மணிகள் ஒரு மெட்டை வாசித்தன. 1695-இல் ஒரு பேராயர் ஆண்ட்வெர்ப் மணி வார்ப்பாளரிடமிருந்து வாங்கிய மணிகள். சுருதி ஆங்காங்கே சறுக்கியது. அந்தச் சறுக்கல்தான் எனக்குப் பிடித்தது. அது ஓய்ந்ததும் மேலே கோட்டையிலிருந்து ஒரு பெரிய உறுமல் இறங்கியது.

"என்னடா, மாடு கத்துது?"

மாடுதான். ஊர்க்காரர்களும் அதை 'சால்ஸ்பர்க் காளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1502-இல் லியோன்ஹார்ட் ஃபான் கொய்ட்ஷாக் என்ற பேராயர் கோட்டையில் பொருத்திய குழல் வாத்தியம். காற்றுத் துருத்தியும் நூற்றுக்கணக்கான குழல்களும் கொண்டது. ஆணிகள் அடித்த உருளை சுழலும்போது மெட்டு வரும். மெட்டின் முன்னும் பின்னும் பல குழல்கள் ஒரே மூச்சில் கத்தும். அதுதான் அந்த உறுமல். இங்கே அதைக் கேட்பவர்கள் செல்லமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஊரை ஆள்பவர் மலை மேலிருந்து தினமும் காலையும் மாலையும் ஊரைப் பார்த்து ஒருமுறை உறுமுகிறார். எழுந்திரு, வீட்டுக்குப் போ. மாமாவின் இரண்டாவது கேள்விக்கான விதை அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.

பேராலயத்தின் வாசல் இரும்புக் கதவுகளில் மூன்று வருடங்கள் எழுதியிருக்கின்றன: 774, 1628, 1959. முதல் ஆலயம், இப்போதிருக்கும் ஆலயம், போருக்குப் பின் பழுதுபார்த்து மறுபடி திறந்தது. 1944 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் மேலிருக்கும் குவிமாடம் இடிந்து விழுந்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை. மாமா ரொம்ப நேரம் தேடினார்.

அதற்குப் பக்கத்திலேயே, புனித பீட்டர் மடத்து மதிலுக்குள், அந்த நாளின் உண்மையான இலக்கு. மாமாவுக்கு அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். மடத்தின் ரொட்டிக்கடை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து அந்த இடத்தில் ரொட்டி சுடுகிறார்கள். வாசலில் ஒரு பெரிய தண்ணீர்ச் சக்கரம். அதைச் சுழற்றும் தண்ணீர் வரும் வழிதான் விசேஷம்.

ஆல்ம்கனால் என்று பெயர். ஜெர்மனிப் பக்கம் கோனிக்ஸே ஏரியிலிருந்து வரும் ஆற்றை மறித்து வெட்டிய வாய்க்கால். ஊருக்குள் வர மோன்ஷ்ஸ்பெர்க் மலை குறுக்கே நின்றது. பேராலயத்துச் சாமியார்களும் இந்த மடமும் சேர்ந்து 1137-இல் ஆரம்பித்து 1143-க்குள் மலையைக் குடைந்து, சுமார் 400 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். உளியும் சுத்தியலும்தான் கருவி. மாவு அரைக்க, தீ அணைக்க, தெருவைக் கழுவிவிட எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர். இன்றைக்கும் ஓடுகிறது.

அன்றைக்கு மட்டும் ஓடவில்லை.

சக்கரம் அசையாமல் நின்றது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் பாசி, நாலைந்து கூழாங்கல். எனக்கு முகம் தொங்கிப்போனது. கடைக்குள் போய் அரைகுறை ஜெர்மனில் விசாரித்தால், கல்லாவில் இருந்த பெண், வருடாவருடம் செப்டம்பரில் மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், வாய்க்காலைச் சுத்தம் செய்து உடைசலைப் பூசுவார்கள், அதற்கு 'ஆல்ம் அப்கேர்' என்று பெயர், அந்தச் சமயத்தில் சுரங்கத்துக்குள் நடந்து பார்க்கவும் கூட்டிப்போவார்கள் என்றார். அந்த நேரம் எங்களுக்குத் தோதாக இல்லை.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடப்பாவி. குடிமராமத்து! எண்ணூறு வருஷமா விடாம பண்றானா?"

குனிந்து வாய்க்காலின் சுவரைத் தடவினார். எங்கே புதிதாகப் பூசியிருக்கிறது, எங்கே பழைய கல் என்று எனக்குக் காட்டினார். ஓடுகிற வாய்க்காலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம், காய்ந்த வாய்க்காலில்தான் வேலை தெரியுமாம். கருப்பு ரொட்டி ஒன்று, ஒரு கிலோவுக்கு வாங்கினோம். விறகடுப்பில் சுட்டது, இன்னும் சூடு ஆறவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது, போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

இதே மலையைப் பற்றி இன்னொன்று. 1669 ஜூலையில் ஒரு ராத்திரி மோன்ஷ்ஸ்பெர்க் பாறை சரிந்து கீழே தெருவில் விழுந்து 220 பேர் வரை இறந்துபோனார்கள். இறுகிய கூழாங்கல் பாறை அது, மழைக்கும் பனிக்கும் உதிரும். அதனால் பாறையைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்த கல்லை முன்கூட்டியே பெயர்த்தெடுக்க நகராட்சியில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்கும் இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறார்கள். 'பெர்க்புட்ஸர்', மலை துடைப்பவர். இதைச் சொன்னதும் மாமா சட்டென்று பாறைச் சுவரை விட்டு நான்கடி தள்ளி நடக்க ஆரம்பித்தார்.

மேலே போக கயிற்று ரயில். மாமாவின் பாஷையில் பழனி விஞ்ச். 1892-இல் ஆரம்பித்தது. பல வருடம் தண்ணீரின் எடையில்தான் ஓடியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்தில் இறங்கும், கீழே இருப்பதை இழுத்துக்கொண்டு. இப்போது மின்சாரம். ஒரு நிமிடத்தில் மேலே.

கோட்டையின் உள்முற்றத்தில் மாமாவுக்கு முதல் கேள்வியின் பதில் கிடைத்தது. நடுவில் கல் வேலைப்பாடோடு ஒரு மழைநீர்த் தொட்டி. கூரையில் விழும் மழையைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. பக்கத்தில் வயதான லிண்டன் மரம். சால்ஸ்பர்க் மழைக்குப் பேர்போன ஊர். நூல் நூலாக, விடாமல், நாள்கணக்கில் விழும். ஊர்க்காரர்கள் அதற்கு 'ஷ்னூர்ல்ரேகன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், நூல் மழை. "அப்ப சரி. ஆறு கீழ இருந்தாலும் ஆகாசம் மேல இருக்கு" என்றார் மாமா. திருப்தியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

கோட்டைக்கு வருவோம். 1077-இல் ஆரம்பித்தது. போப்பாண்டவருக்கும் ஜெர்மானியப் பேரரசருக்கும் பிஷப்புகளை யார் நியமிப்பது என்று பெரும் சண்டை. பேராயர் கெப்ஹார்ட் போப் பக்கம். பேரரசர் நான்காம் ஹென்ரி சும்மா விடமாட்டார் என்று இந்தக் கோட்டையையும் தெற்கே ஹோஹென்வெர்ஃபென் கோட்டையையும் கட்டத் தொடங்கினார். கல் வைத்த அதே வருடம் ஊரைவிட்டே ஓடவேண்டியதாகிவிட்டது. ஒன்பது வருடம் வெளியூர் வாசம். 1086-இல் திரும்பிவந்து, இரண்டு வருடத்தில் இறந்துபோனார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய கோட்டையில் அவர் நிம்மதியாக இருந்த நாட்கள் மிகக் குறைவு.

இன்றைக்கு நாம் பார்க்கும் பெரும்பகுதி காளையைப் பொருத்திய அதே கொய்ட்ஷாக்கின் வேலை, 1495-க்கும் 1519-க்கும் இடையில். அவருடைய குலச்சின்னம் டர்னிப் கிழங்கு. கோட்டையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் டர்னிப் செதுக்கியிருக்கிறது. சிங்கத்தின் பாதத்தில்கூட டர்னிப். சிறுவயதில் ஊதாரியாகத் திரிந்தபோது அவருடைய மாமா ஒரு டர்னிப்பைத் தூக்கி தலையில் எறிந்தாராம், அதிலிருந்து திருந்தினாராம். கதைதான். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவருடைய பொன் அறைகளுக்குத் தனி டிக்கெட். பணத்துக்குத் தகும். பொன் மண்டபத்தின் மேற்கூரை நீல வானம், அதில் வரிசை வரிசையாகத் தங்கக் குமிழ்கள் நட்சத்திரம். குறுக்கே 17 மீட்டர் நீளத்துக்கு ஒரே உத்தரம், அதில் பேரரசின் சின்னத்தோடு தன் டர்னிப்பையும் வரைந்துவைத்திருக்கிறார். பக்கத்து அறையில் 1501-இல் செய்த கணப்பு, தரையிலிருந்து கூரை வரை வண்ண ஓடுகள், பழமும் பூவும் புனிதர்களும். அந்தக் காலத்துக் குளிரில் இந்த ஒரு மூலைதான் சொர்க்கமாக இருந்திருக்கும். படுக்கையறைச் சுவரின் பலகைக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு. ஆவலாக எட்டிப்பார்த்தோம். கழிப்பறை. மரச்சட்டத்தில் ஒரு ஓட்டை, நேராகக் கீழே. மாமா அங்கே செலவழித்த நேரம் பொன் மண்டபத்தில் செலவழித்ததைவிட அதிகம்.

அப்புறம் வடக்குப் பக்கக் கொத்தளத்துக்கு வந்தோம். சுவரில் பீரங்கிக்கான திறப்புகள். கீழே பழைய ஊர் முழுவதும் உள்ளங்கையில் வைத்த மாதிரி. பேராலயத்தின் பச்சைக் குவிமாடம், சதுக்கத்தில் பெரிய பொன் உருண்டை மேல் நிற்கும் மனிதச் சிலை, ரொட்டிக்கடைப் புகைபோக்கி எல்லாம் தெரிந்தது. மாமா ஒரு திறப்பில் தலையை வைத்துப் பார்த்தார். அடுத்த திறப்பில் பார்த்தார். பிறகு திரும்பி,

"ஏண்டா, எதிரி எந்தப் பக்கத்துலேருந்து வருவான்?"

"எல்லாப் பக்கமும்தான் மாமா."

"இந்தப் பீரங்கி ஊரைல்ல பாக்குது?"

மூன்று முறை இந்தக் கோட்டைக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் நின்று ஊரைப் படம் எடுத்திருக்கிறேன். படம் எடுக்க அவ்வளவு வசதியான இடம் சுடுவதற்கும் வசதியான இடம்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாமா கேட்டபிறகு கோட்டையின் சரித்திரம் எனக்கு வேறுமாதிரி அடுக்கிக்கொண்டது. எந்த எதிரியும் சண்டையிட்டுப் பிடிக்காத கோட்டை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது கண்ட பெரிய சண்டைகள் யாரோடு?

1481-இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் சால்ஸ்பர்க் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் மேயரையும் சபையையும் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தார். கொய்ட்ஷாக்குக்கு அது முள்ளாகக் குத்தியது. 1511 ஜனவரியில் மேயரையும் சபையாரையும் விருந்துக்கு அழைத்தார். வந்தவர்களைச் சிறைப்பிடித்து, பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில் கட்டி, மலைகளுக்கு நடுவே ராட்ஸ்டாட் என்ற ஊருக்கு அனுப்பினார். அவர்கள் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். பொன் நட்சத்திரம் பதித்த கூரை, வண்ண ஓட்டுக் கணப்பு எல்லாம் இதே மனிதருடையது.

அடுத்து வந்தவர் மத்தேயுஸ் லாங். அவர் காலத்தில் 1525-இல் விவசாயிகள் எழுச்சி. காஸ்டைன் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளிகளும் குடியானவர்களும் திரண்டுவந்தபோது ஊர்க்காரர்கள் கதவைத் திறந்து விட்டார்கள். பேராயர் மேலே ஏறிக்கொண்டார். கோடை முழுக்க முற்றுகை. கோட்டை விழவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஸ்வாபியக் கூட்டணி என்ற தென் ஜெர்மன் ஆட்சியாளர்களின் படை வந்து அவரை மீட்டது. இந்த முற்றுகையை ஒட்டித்தான் அந்தப் பிரபலமான கதை: உள்ளே சாப்பாடு தீர்ந்து ஒரே ஒரு காளை மிச்சம். அதைத் தினம் ஒரு நிறத்தில் சாயம் பூசி மதில் மேல் நடத்திக் காட்டினார்களாம். கீழே இருந்தவர்கள் இன்னும் இத்தனை மாடு இருக்கிறதே என்று சோர்ந்து போய்விட்டார்களாம். பிறகு காளையை ஆற்றில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்களாம். அதனால் சால்ஸ்பர்க்காரர்களுக்கு 'காளை கழுவிகள்' என்று பட்டப்பெயர். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கீழே நின்று ஏமாந்தவர்கள் யார் என்று கதையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இதே ஊர், இதே சுரங்கத்து ஆட்கள்.

அப்புறம் நம்முடைய வுல்ஃப் டீட்ரிஷ். 1611-இல் உப்புத் தகராறில் பக்கத்து நாடான பெர்ஹ்டெஸ்காடனுக்குள் படையை அனுப்பினார். பவேரியாவை ஆண்ட மாக்ஸிமிலியன் பெரும்படையோடு பதிலுக்கு வந்தார். பேராயர் ஓடிப்போகும் வழியில் பிடிபட்டு, பிறகு இந்தக் கோட்டைக்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டார். பதவிக்கு வந்த மார்க்குஸ் சிட்டிக்குஸ் வேறு யாரோ இல்லை, அவருடைய தாய்மாமன் மகன். விடுதலை செய்யவே இல்லை. ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்து 1617 ஜனவரியில் இங்கேயே இறந்தார். சலோமேயின் மாளிகைக்கு மிராபெல் என்று பெயர் மாற்றியவரும் அதே மாமன் மகன்தான். காலையில் நாங்கள் பூப்பாத்தி நடுவில் நின்று கோட்டையைப் பார்த்தோமே, அதே கோடு இந்தப் பக்கத்திலிருந்தும் நேராகத்தான் போகிறது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் தோட்டம் பச்சைச் சதுரமாகத் தெரிந்தது.

உண்மையான அந்நியப் படை என்று வந்தது 1800-இல், பிரெஞ்சுக்காரர்கள். அன்றைக்குக் கோட்டை ஒரு குண்டுகூடச் சுடாமல் கதவைத் திறந்துவிட்டது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமன் மகனை நம்பக்கூடாதுங்கறது இங்கயும் அப்படித்தானா" என்றார். எங்கள் வீட்டு நிலத் தகராறு ஒன்று அவர் நினைவுக்கு வந்திருக்கும். அதை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

தெற்குப் பக்க மாடத்தில் கொஞ்ச நேரம். உண்டர்ஸ்பெர்க் மலை மேகத்துக்குள் பாதி. சார்லமேன் பேரரசர் அதற்குள் தூங்குகிறார், மலையைச் சுற்றும் அண்டங்காக்கைகள் பறப்பதை நிறுத்தும்போது எழுந்து வருவார் என்று ஒரு கதை. அன்றைக்குக் காக்கைகள் இருந்தன.

இறங்கும்போது விஞ்ச் வேண்டாம் என்று மாமாவே சொன்னார். நோன்பெர்க் கன்னிமடம் வழியாகப் பாதை. சுமார் 714-இல் தொடங்கிய மடம், அன்றிலிருந்து ஒருநாளும் விடாமல் கன்னிகாஸ்திரீகள் வாழ்கிறார்கள். அந்தப் பக்கம்தான் நான் காட்ட நினைத்த இன்னொரு வஸ்து: 'ரைஸ்சுக்'. மடத்துப் பக்கத்திலிருந்து கோட்டைக்குள் சாமான் ஏற்றும் சரிவுப்பாதை. 1515-இல் மத்தேயுஸ் லாங்கே இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அன்று மரத் தண்டவாளம், சணல் கயிறு, இழுக்க மனிதனோ மாடோ. இன்று எஃகு, மின்சாரம், ஆனால் அதே பாதை. மதில்களை ஒவ்வொன்றாகத் துளைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கனத்த கதவு. உலகத்தின் மிகப் பழைய கயிற்று ரயில் இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். மாமா போனை வாங்கித் தானே ஆறு படம் எடுத்தார். அந்த நாள் முழுவதும் அவர் எடுத்த படங்கள் அவ்வளவுதான்: வாய்க்கால் இரண்டு, ரைஸ்சுக் ஆறு.

கீழே ஒரு சந்தில் எனக்குப் பசி. சால்ஸ்பர்க்கில் 'போஸ்னா' என்று ஒரு தெருவோரச் சாப்பாடு. நீள ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ், வெங்காயம், கடுகு விழுது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கே குடியேறிய ஒரு பல்கேரியர் ஆரம்பித்தது. கடைசியில் மேலே தூவுவது என்ன தெரியுமா? கறிமசால் பொடி. அது எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து தேட வேண்டும். மாமா சைவம். மோந்து பார்த்துவிட்டு, "மல்லி கம்மி" என்றார்.

ஆறு மணிக்குக் காளை மறுபடி உறுமியபோது பாலத்தில் இருந்தோம். நூல் மழை ஆரம்பித்திருந்தது.

திரும்பும் ரயில் ஃப்ரைலாஸிங்கில் இருபது நிமிடம் நின்றது. 2015-லிருந்து இந்த எல்லையில் ஜெர்மன் போலீஸ் ஏறிப் பார்ப்பது வழக்கம். இந்தப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் அவசியம் வேண்டும், மறந்துவிடாதீர்கள். மாமா மஞ்சப்பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் ரப்பர் பேண்டு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். இளம் போலீஸ்காரர் பொறுமையாக நின்றார். விசாவைப் பார்த்துவிட்டு, பையில் இருந்த பொட்டலத்தைக் காட்டி என்ன என்றார். ரொட்டி என்றேன். எந்தக் கடை என்றார். சொன்னேன். மாமாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

ட்ரவுன்ஸ்டைன் தாண்டும்வரை மாமா பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று,

"டேய், மூணு வாரம் தண்ணி நின்னுபோச்சுன்னா, அந்தக் காலத்துல மாவு எப்படி அரைச்சிருப்பான்?"

"தெரியல மாமா."

ஜன்னலில் இருட்டு. அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஊருக்கு இத்தனை வீடு, வீட்டுக்கு இவ்வளவு ரொட்டி, ஒரு கல்லுக்கு ஒரு மணிக்கு இவ்வளவு மாவு.

"அறுவடை ஜூலை, ஆகஸ்ட்டுல முடிஞ்சிருக்கும். முன்னாடியே அரைச்சு வெச்சிருப்பான்" என்றார். "அதான் செப்டம்பர்."

ரொட்டியிலிருந்து ஒரு மூலையைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். புளிப்பு தூக்கலாக இருந்தது.